முன்னால் நடப்பவரின் கோல்



அஸர் தொழுகை முடிந்து, மத்ரஸாப் பிள்ளைகள் வந்து அமரும் நேரம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தயங்கியவாறு வந்து நின்றார்.

அவருடைய மகள் புறநகரிலுள்ள பெண்கள் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஆண்டு கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுவில் முரசு வாசித்தவளை, இவ்வாண்டு குழுவுக்கு முன்னால் கோல் ஏந்தி நடக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். சுதந்திர தின அணிவகுப்பில் அவள் கோலைச் சுழற்ற வேண்டும். மேலே எறிந்து பிடிக்கவும் வேண்டும்.

"நாலு பேர் பார்க்க, பெண்பிள்ளை முன்னால் நின்று கம்பு சுற்றுவதா ஹஜ்ரத்? வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?"

"சொல்லிவிடுங்கள்" என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோல் எதற்கென்றே எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல மனம் ஒப்பவில்லை. "நாளை மகளையும் அழைத்து வாருங்கள்" என்றேன்.

மறுநாள் பெற்றோருடன் வந்த அந்தப் பிள்ளை அடக்கமாகவே பேசினாள். "ஹஜ்ரத், முரசு முழங்கும்போது யார் குரலும் கேட்காது. எப்போது தொடங்குவது, எங்கே திரும்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கோலின் அசைவால்தான் சொல்ல வேண்டும். சுழற்றுவது அழகுக்காகத்தான். ஆனால் கோலின் வேலை அதுவன்று." பிறகு தந்தையைப் பார்த்து, "பாட்டனார் கல்யாண ஊர்வலங்களில் சிலம்பம் சுற்றியதை அத்தா பெருமையாகத்தானே சொல்வார்கள்?" என்றாள். நண்பர் பதில் பேசவில்லை.

அன்றிரவு சில நூல்களைப் புரட்டினேன். உதுமானியப் பேரரசின் படைகளோடு 'மெஹ்தர்' என்னும் வாத்தியக் குழுக்கள் சென்றன. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் அவற்றைப் பார்த்துப் பெருமுரசையும் கைத்தாளத்தையும் தம் குழுக்களில் சேர்த்துக்கொண்டன. உச்சியில் பிறை பொருத்தி, மணிகள் தொங்கவிட்ட ஒரு கோலும் அவ்வழியே அங்கே சென்றது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிஸாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் உடன் மறைந்தது. ஐரோப்பாவில் அதன் முழக்கம் நிலைத்துவிட்டது.

படைக்குழுவின் முன்னால் செல்பவர் ஏந்துவது தலையில் உலோகக் குமிழ் கொண்ட கனமான கோல். அமெரிக்கக் கல்லூரிகளில் இதனின்றும் வேறாக, இரு முனைகளிலும் ரப்பர் பொருத்திய மெல்லிய உலோகக் கோலைச் சுழற்றும் கலை வளர்ந்தது. அங்கே குழுவின் முன் தனியொருவராகச் சுழற்றும் மாணவிக்குத் தனி மதிப்பு உண்டு. 1980இல் சியாட்டில் நகரில் இதற்கு முதல் உலகப் போட்டியே நடந்தது.

நம் பக்கத்திலும் பெண்கள் அணிவகுப்பில் நடப்பது புதிதன்று. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பரங்கிமலை வந்துவிடும். அங்குள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992ஆம் ஆண்டு முதல் பெண்களும் பயிற்சி பெற்று அணிவகுக்கிறார்கள். 2024இல் டெல்லிக் குடியரசு தின அணிவகுப்பைச் சங்கும் நாதஸ்வரமும் முழங்கத் தொடங்கி வைத்தவர்கள் நூறு பெண் கலைஞர்கள்.

இசைக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இப்பத்தியில் நான் தீர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். பெருநாள் அன்று மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கவும் இடமளித்தார்கள்.

நண்பரிடம் நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "ஒருமுறை ஒத்திகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன். தனியே போகத் தயங்கி என்னையும் அழைத்தார். கல்லூரியில் அனுமதி பெற்று, மைதானத்தின் ஓரத்தில் இருவரும் நின்றோம்.

முழுக்கைச் சட்டையும் முக்காடுமாக அந்தப் பிள்ளை முன்னால் நடந்தாள். கோல் மேலே எழுந்து, வெயிலில் மின்னி இறங்கியது. கை தவறிக் கீழே விழுந்தது. நண்பர் கண்களை மூடிக்கொண்டார். அவளோ அடி பிசகாமல் குனிந்து எடுத்து, அடுத்த சைகையை உரிய நேரத்தில் கொடுத்தாள். முழக்கம் நிற்கவில்லை. இடையில் ஒருமுறை அவள் அடியைச் சுருக்கியதையும் கவனித்தேன். பிறகு கேட்டதற்கு, "கடைசி வரிசையில் பெரிய முரசைச் சுமப்பவள் சிறிய பெண் ஹஜ்ரத். நான் எட்டி நடந்தால் அவள் ஓட வேண்டும்" என்றாள்.

எனக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. தொழ வைக்கும் இமாம் தொழுகையை நீட்ட வேண்டாம். பின்னால் நிற்போரில் பலவீனரும் நோயாளியும் முதியவரும் உண்டு என்பது அதன் கருத்து. தொழுகையையும் அணிவகுப்பையும் நான் ஒன்றாக்கவில்லை. இருபதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு முன்னால் அமர்ந்து ஓதிக்கொடுக்கும் நான், கடைசி வரிசைப் பிள்ளைக்காக எத்தனை முறை என் அடியைச் சுருக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். நாணமாக இருந்தது.

பெற்றோர்களே! நம் பிள்ளை முன்னால் நிற்கும்போது, பார்க்கின்ற நாலு பேரை எண்ணி அஞ்சுகிறோம். அவளுக்குப் பின்னால் அவளை நம்பி வருகிறவர்களை எண்ணுவதில்லை. கண்ணியமும் ஒழுக்கமும் குறையாதவரை, 'வேண்டாம்' என்று சொல்லுமுன் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். பார்த்த பிறகு சொல்லும் மறுப்பிலும் நியாயம் இருக்கும்.

திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, "எறிகிறபோது மணிக்கட்டு தளர்ந்துவிடுகிறது ஹஜ்ரத். எங்கள் அத்தாவின் சிலம்பக் கம்பு பரணில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துப் பழகச் சொல்ல வேண்டும்" என்றார்.

முன்னால் நடக்கும் நம் பிள்ளைகளுக்குப் பின்னால் வருவோரை மறவாத மனத்தை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.