தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்க முடியாத மண்

ஜெரூசலத்திலிருந்து பெத்லஹேமுக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். வடக்கே றமல்லாவுக்குச் சுமார் 15 கிலோமீற்றர். வரைபடத்தில் மூன்று நகரங்களையும் ஒரு விரல் நுனியால் மறைத்துவிடலாம். ஆயினும் அந்த மண்ணில் பயணம் செய்யும் ஒருவரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்பதில் பொருளில்லை. அவரது அடையாள அட்டையின் நிறம் என்ன, அவரது வாகனத்தின் இலக்கத்தகடு எந்த நிறத்தில் இருக்கிறது என்றே கேட்க வேண்டும். இஸ்ரேல் - பலஸ்தீனப் பிணக்கைப் பற்றி எழுதும்போது எல்லை, தலைநகர், அகதிகள், குடியேற்றங்கள் என்று பேசுவது பத்திரிகையாளர்களாகிய எமது வழக்கம். அந்தப் பிணக்கைச் சாதாரண மக்கள் நாள்தோறும் சந்திக்கும் இடமோ வீதியாகும். வீதியைப் பற்றிப் பேசாத எந்தச் சமாதானத் திட்டமும் அங்கு உருப்படப் போவதில்லை என்பது எனது கருத்து.

இஸ்ரேலியரின் வாகனங்களுக்கு மஞ்சள் நிற இலக்கத்தகடு. மேற்குக் கரைப் பலஸ்தீனரின் வாகனங்களுக்கு வெள்ளையில் பச்சை எழுத்து. கிழக்கு ஜெரூசலத்துப் பலஸ்தீனரின் அடையாள அட்டை நீல உறையிலும் மேற்குக் கரையினருடையது பச்சை உறையிலும் இருக்கின்றன. பச்சை அட்டைக்காரர் ஜெரூசலத்துக்குள் நுழைவதற்குப் பொதுவாக அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரே குடும்பத்தில் கணவனுக்கு ஒரு நிறமும் மனைவிக்கு வேறு நிறமும் வாய்த்துவிட்டால், வீடு எங்கே அமைய வேண்டும் என்பதைக்கூட அந்த அட்டைகளே தீர்மானித்துவிடுகின்றன.

2010ஆம் ஆண்டில் ஒரு வெளிநாட்டவனாக அவ்வழியே சென்றேன். பெத்லஹேமிலிருந்து ஜெரூசலம் திரும்பும் பஸ் வண்டி சோதனைச்சாவடியில் நின்றதும் பலஸ்தீனப் பயணிகள் எவரும் சொல்லாமலேயே இறங்கி வீதியோரத்தில் வரிசையாக நின்றனர். எனக்கருகில் அமர்ந்திருந்த மாணவர் புத்தகங்களை ஆசனத்தில் வைத்துவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். வெளிநாட்டவர்கள் மாத்திரம் உள்ளே இருக்கலாம். உள்ளே ஏறிய படைவீரர் எனது கடவுச்சீட்டை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அந்த மண்ணில் எனக்கு உற்றார் உறவினர் எவருமில்லை. ஆயினும் அங்கே பிறந்தவர் வெயிலில் நிற்க, நான் நிழலில் அமர்ந்திருந்தேன். இத்தனைக்கும் இறங்கி நின்றவர்கள் ஜெரூசலம் செல்லும் உரிமை பெற்றவர்கள். அனுமதியற்றவர்களுக்கு அந்த பஸ் வண்டியில் ஏறுவதற்கே வழியில்லை.

றமல்லாவிலிருந்து பெத்லஹேமுக்குச் செல்லும் பச்சை அட்டைக்காரர், இடையிலுள்ள ஜெரூசலத்தைத் தவிர்த்து, கிழக்கே வாதி அல்-நார் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். சுற்றுப்பாதையைக் காட்டிலும் கொடியது நிச்சயமின்மை. இன்று ஒரு மணித்தியாலத்தில் கடந்த பாதையை நாளை நான்கு மணித்தியாலத்திலும் கடக்க முடியாது போகலாம். 2025இன் தொடக்கத்தில் மேற்குக் கரையில் சோதனைச்சாவடிகள், இரும்புக் கதவுகள், மண் மேடுகள் என 800க்கும் மேற்பட்ட தடைகளை ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. பரீட்சைக்குச் செல்லும் மாணவியும், பிரசவத்துக்குச் செல்லும் தாயும், தக்காளி ஏற்றிச் செல்லும் வியாபாரியும் இந்தக் கணக்கிற்குள் அடங்குகின்றனர்.

இஸ்ரேலியரின் அச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. இரண்டாவது இன்திபாதாவின்போது பஸ் வண்டிகளிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய 1,000 இஸ்ரேலியர் உயிரிழந்தனர். பிள்ளையைப் பாடசாலை பஸ்ஸில் ஏற்றிவிட அஞ்சிய பெற்றோருக்குத் தடுப்புச்சுவர் ஆறுதலாகவே தெரிந்தது. ஆனால் 2002இல் கட்டத் தொடங்கிய அச்சுவர் பாதுகாப்புக்கு மட்டுமானதெனில், 1949ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோட்டின்மீதே எழுந்திருக்கலாம். திட்டமிடப்பட்ட பாதையின் பெரும்பகுதி மேற்குக் கரைக்கு உள்ளே செல்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் அதனை எழுப்புவது சர்வதேச சட்டத்துக்கு முரணானது என 2004இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது.

பூட்டிய பாதை உண்மையில் பாதுகாப்பைத் தந்ததா? காஸாவைச் சூழ்ந்திருந்த வேலியைவிடக் கண்காணிப்பு மிகுந்த வேலி அங்கு வேறில்லை. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி அதனை உடைத்துக்கொண்டு வந்த ஹமாஸ் இயக்கத்தினரும் ஏனைய ஆயுததாரிகளும் சுமார் 1,200 பேரைக் கொன்றனர். 251 பேரைப் பணயக்கைதிகளாகக் கொண்டுசென்றனர். அதனைத் தொடர்ந்த போரில் காஸாவில் 60,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு கூறுகிறது. இரு தரப்புப் பிணங்களையும் எண்ணிய பின்னரும் வேலியை இன்னும் உயர்த்தினால் போதும் என்று நினைப்பது மதியீனம்.

பாதை திறக்கவே முடியாது என்பதும் உண்மையன்று. ஒஸ்லோ உடன்படிக்கையின் பயனாக 1999 ஒக்டோபரில் காஸாவுக்கும் மேற்குக் கரைக்கும் இடையே ‘பாதுகாப்பான வழி’ திறக்கப்பட்டது. பலஸ்தீனர்கள் இஸ்ரேலிய நிலப்பரப்பின் ஊடாகப் பயணம் செய்தனர். ஓராண்டில் இன்திபாதா மூண்டதும் அது மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவேயில்லை. குறுகிய காலமேயாயினும் இரு தரப்பும் உடன்பட்டு இயக்கிய வழி அது.

இதில் இலங்கையருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2023 ஒக்டோபருக்குப் பின்னர் மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்கு வேலைக்குச் சென்றுவந்த பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனரின் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. தோட்டங்களிலும் கட்டடத் தளங்களிலும் ஏற்பட்ட வெற்றிடத்துக்கு ஆட்களை அனுப்ப முன்வந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அரை மணித்தியாலத் தொலைவில் வசிப்பவர் வேலைக்குச் செல்ல முடியாதிருக்க, கடல் கடந்து எம்மவர் செல்கின்றனர். வறுமையால் செல்பவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. யாருடைய பாதை மூடப்பட்டதால் தமக்குப் பாதை திறந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

பலஸ்தீன நகரங்களின் வாயில்களில் சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. இஸ்ரேலியர் உள்ளே செல்வது சட்டவிரோதம், உயிருக்கு ஆபத்து என்று அவை எச்சரிக்கின்றன. இதன் விளைவு யாதெனில், இஸ்ரேலிய இளைஞர் பலஸ்தீனரைப் பெரும்பாலும் சோதனைச்சாவடியில் சீருடையுடன் நின்றே சந்திக்கிறார். பலஸ்தீனச் சிறுவன் காணும் இஸ்ரேலியரோ துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமே. இப்படி வளரும் இரு தலைமுறைகள் எந்த மேசையில் அமர்ந்து எதைப் பேசப் போகின்றன?

2025 ஓகஸ்டில் ஜெரூசலத்துக்குக் கிழக்கே ஈ-1 பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்டுவதற்கு இஸ்ரேல் அனுமதி வழங்கியது. அது நிறைவேறினால் மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நிலம் மேலும் துண்டிக்கப்படும். சமாதானம் வந்த பின்னர் வீதிகளைத் திறக்கலாம் என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். நடமாடும் சுதந்திரம் நல்லொழுக்கத்துக்கு வழங்கப்படும் பரிசாக இருக்கலாகாது. றமல்லாவிலிருந்து பெத்லஹேமுக்கு ஒருவர் நேர்வழியில் சென்று, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புவதை உறுதி செய்வதிலிருந்தே சமாதானப் பேச்சு தொடங்க வேண்டும்.