நாற்பத்தெட்டில் அடங்காத ஐந்து

ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம், சின்னசேலத்தில் என் தமக்கையின் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சிறு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். மருமகன் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கோயிலில் தன் கைப்பேசியில் பதிந்துவந்த தவிலோசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தான். திரையில் கட்டங்கள், கட்டங்களில் அம்புக்குறிகள். குறிப்பிட்ட ஓரிடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினான். “மாமா, அவர் அடிக்கிறது காதுல சரியாத்தான் விழுது. இங்க வைக்கத்தான் இடமில்ல” என்றான். கேட்டுப் பார்த்தேன். தவில்காரர் சதுஸ்ரத்திலிருந்து கண்ட நடைக்கு மாறியிருந்தார். ஓர் அட்சரத்துக்குள் நான்கு சொல் விழுந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது ஐந்து விழுந்தது.

வந்திருந்த உறவினர் ஒருவர் சிரித்தார். சபாக் கச்சேரிகளை விடாமல் கேட்பவர். “முப்பத்தைந்து தாளம் வகுத்தவர்கள் நாம். போயும் போயும் இந்தப் பொம்மைக்குள் நம் தாளத்தைத் தேடுகிறாயே, தம்பி” என்றார். திண்ணையில் இருந்தோர் தலையசைத்தனர். பெரியவரிடம் அங்கே எதிர்வாதம் செய்ய மனம் வரவில்லை. இங்கே சொல்கிறேன்: அந்த வாக்கியத்தில் ஒலிப்பது, முன்னோர் சேர்த்ததை எண்ணிப் பார்ப்பதோடு தன் கடமை முடிந்ததென்று நினைப்பவனின் பெருமை. நம் காலத்துத் தமிழ்ப் பண்பாட்டுப் பேச்சில் பாதி இந்தப் பெருமைதான்.

அந்தப் ‘பொம்மை’ இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1997இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் ‘பீட்மேனியா’ என்னும் ஆர்க்கேட் விளையாட்டை வெளியிட்டது. மறு ஆண்டு ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ வந்தது. பாட்டு ஓடும், திரையில் குறிகள் நகர்ந்து வரும், அவை கோட்டைத் தொடும் கணத்தில் விரலாலோ காலாலோ அழுத்த வேண்டும். எந்தக் குறி எந்தக் கணத்தில் வரவேண்டும் என்று எழுதிவைத்த கோப்புக்கு நோட் சார்ட் என்று பெயர். தாளப்படம் என்று தமிழில் சொல்லலாம். முதலில் அதை நிறுவனங்கள் மட்டுமே எழுதின. விரைவில் ரசிகர்கள் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 2001இல் ‘ஸ்டெப்மேனியா’ வந்தது. 2007இல் ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் ‘ஓசு’ விளையாட்டை வெளியிட்டார். இரண்டிலும் படம் எழுதும் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. இரண்டும் இலவசம். சின்னசேலத்துப் பையனுக்கு ஒரு மடிக்கணினியும் இரண்டு காதும் இருந்தால் போதும்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தாளப்படம் எழுதுபவன் செய்வது உரையாசிரியன் செய்வதுதான். ஒரே பாட்டுக்கு எளியது, நடுத்தரம், கடினம் என்று பல படங்கள் எழுதப்படும். எளிய படத்தில் எந்த ஒலிகளை விட்டுவிடுவது, எவற்றை நிறுத்துவது? பாடுபவரின் குரலைப் பின்தொடர்வதா, மத்தளத்தைப் பின்தொடர்வதா? இவற்றைத் தீர்மானிக்க ஒரு பாட்டை நூறுமுறையாவது கேட்டாக வேண்டும். மூலத்துக்குப் பதவுரையும் விருத்தியுரையும் எழுதியவர்களும் இப்படித்தான் ஒரே வரியில் நாள்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். மருமகன் அந்தக் கண்ட நடையை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்த பெரியவர் தம் வாழ்நாளில் ஒரு தனி ஆவர்த்தனத்தின் ஒரு நிமிடத்தை மூன்று நாள் கேட்டிருப்பாரா என்று எனக்கு ஐயமுண்டு.

இனி, அந்த ஐந்துக்கு ஏன் இடமில்லை என்பதைப் பார்ப்போம். ஸ்டெப்மேனியா ஓர் அட்சரத்தை 48 வரிசைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. குறிகள் அந்த வரிசைகளில்தான் அமர முடியும். 48 என்பது நான்கால் வகுபடும், மூன்றால் வகுபடும். ஆகவே சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் இடமுண்டு. ஐந்தால் வகுபடாது, ஏழால் வகுபடாது, ஒன்பதாலும் வகுபடாது. கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் மூன்றும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. நம் ஐந்து நடைகளில் மூன்றுக்கு அங்கே நுழைவுச்சீட்டு இல்லை. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ததன்று இது. அவர்கள் கேட்டு வளர்ந்த நடன இசைக்கு நான்கும் மூன்றும் போதுமானவையாக இருந்தன. தம் காதுக்கு எட்டியதை அளவாக வைத்தார்கள். கருவி செய்பவன் எவனும் அப்படித்தான் செய்வான்.

கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். நிமிடத்துக்கு 120 அட்சரம் என்ற வேகத்தில் ஒரு வரிசையின் அகலம் பத்து மில்லிநொடியைச் சற்றே தாண்டும். ஐந்தையும் ஏழையும் அருகிலுள்ள வரிசைக்குத் தள்ளிவைத்தால் பிழை ஐந்து மில்லிநொடிக்கு உள்ளேதான் வரும். விளையாடுபவனின் விரலுக்கு அது தெரியாது. இதற்காகவா இத்தனை ஆரவாரம் என்பார். நியாயமான கேள்வி. கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மருமகனின் இடர் மில்லிநொடியில் இல்லை. எடிட்டரில் அட்சரத்தை எத்தனையாகப் பிரிப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஐந்து என்பதே இல்லை. தன் காதில் விழுந்ததற்குப் பட்டியலில் பெயரில்லை என்று காணும் பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? ஒன்றைக் கழித்து நான்காக்குவான். அல்லது ஒன்றைக் கூட்டி ஆறாக்குவான். அந்தப் படத்தை விளையாடும் ஆயிரம் பேருக்கு நான்கோ ஆறோ பழகும். பத்தாண்டு கழித்து, ஐந்து என்று ஒன்று விழுந்ததே காதில் ஏறாமற்போகும். தாளம் தவறாக ஒலிப்பதால் அழிவதில்லை, கேட்கப்படாமற்போவதால் அழிகிறது.

இயந்திரத்தின் இயல்பே அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஸ்டெப்மேனியாவுக்கு முன்பே, 1998இல், யானே ஊராவோ என்ற ஜப்பானியர் வகுத்த பி.எம்.எஸ். கோப்பு முறையில் ஓர் ஆவர்த்தத்துக்குள் எத்தனை இடம் எழுதுகிறோமோ அத்தனையாக அது சமமாகப் பிரியும். அதைவிட நமக்கு அணுக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2001இல் நாம்கோ நிறுவனம் ‘தைகோ நோ தாத்சுஜின்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. ஜப்பானியக் கோயில் விழாக்களில் ஒலிக்கும் தைகோ முரசை ஆர்க்கேட் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். முரசின் தோலில் அடித்தால் ஒரு சொல். விளிம்பில் அடித்தால் இன்னொரு சொல். அதை வீட்டுக் கணினியில் ஆட ரசிகர்கள் உண்டாக்கிய டி.ஜே.ஏ. என்ற கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. தோலுக்கு 1, விளிம்புக்கு 2, மௌனத்துக்கு 0. வரியின் முடிவில் ஒரு காற்புள்ளி. நான்கு அட்சர ஆவர்த்தத்துக்கு 20 இலக்கம் எழுதினால் ஒவ்வோர் அட்சரமும் ஐந்தாகப் பிரியும். 28 எழுதினால் ஏழாகப் பிரியும்.

இதைப் பார்த்ததும் எனக்கு நம் சொற்கட்டு நினைவுக்கு வந்தது. தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. தகதகிட என்றால் ஐந்து. எழுத்தை எண்ணினால் தாளம் வந்துவிடும். மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் விரல்நொடியையும் அளவாகச் சொன்ன தொல்காப்பியத்தின் வழிவந்தவர்களுக்கு, தண்ணுமை ஆசானின் தகுதிகளை அரங்கேற்று காதையில் விரித்துரைத்த சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கு, இதைவிட இயல்பான கோப்பு முறை ஏது? அதுவும் ஜப்பானிய ரசிகன் ஒருவனின் கையிலிருந்தே வந்தது. தவிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் பூவரசங் கழி. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள். இரண்டு முகம், இரண்டு நிறம். தாளவிளையாட்டுக்கென்றே செய்த கருவி போலிருக்கிறது. தவிலுக்கு அப்படி ஒரு விளையாட்டைச் செய்யவேண்டும் என்று நம் ஊர் மென்பொருள் வல்லுநர்கள் முனைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உலகத்துக்கே நிரல் எழுதிக்கொடுக்கும் நாடு இது.

நம்மால் இயலாது என்றும் சொல்ல முடியாது. எழுத்துக்காக நாம் இதைச் செய்திருக்கிறோம். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று கிடந்த காலத்தில், 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தேர்ந்தது. திஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்களுக்காக எத்தனை சண்டைகள்! ஒருங்குறியில் தமிழுக்குக் கிடைத்த இடம், இந்திய மொழிகள் அனைத்துக்குமாக வகுத்த இஸ்கி என்ற பொது அச்சிலிருந்து வந்தது; உயிர்மெய்களுக்குத் தனி இடமில்லை என்று எத்தனை ஆண்டு வாதிட்டோம்! அந்த வாதங்களில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. அயலார் வகுத்த கட்டத்துக்குள் நம் எழுத்து எப்படி அமர்கிறது என்று கவலைப்பட்டோம் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். கவலைப்பட்டவர்கள் வேலையும் செய்தார்கள். இரவுப் பொழுதில், கூலியின்றி, நிரல் எழுதினார்கள். இன்று இக்கட்டுரையை நான் தட்டச்சிடுவது அவர்கள் தயவில். எழுத்துக்குக் காட்டிய அந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கைத் தாளத்துக்குக் காட்டியிருந்தால் மருமகன் உதட்டைப் பிதுக்கியிருக்க மாட்டான்.

ஸ்டெப்மேனியாவின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கிறது. மாற்றி எழுத எவர் அனுமதியும் வேண்டா. 48 என்ற எண்ணை 5040 ஆக்கினால் ஐந்து நடைகளும் அதில் மீதமின்றி அடங்கும். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் வகுபடும் எண் அது. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் கற்பனை நகருக்கு 5040 குடும்பத் தலைவர்களை வகுத்ததும் அது பலவாறாக வகுபடும் என்பதால்தான். ஓரெண்ணை மாற்றுவதால் வேறு நாலு இடத்தில் சிக்கல் எழும். அவற்றையும் தீர்க்க வேண்டும். உழைப்புதான். ஓசுவின் புதிய பதிப்பில் அட்சரத்தை வேண்டிய எண்ணால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. கேட்டவர்கள் இருந்தார்கள், செய்தார்கள். நாம் கேட்கவில்லை. முப்பத்தைந்து தாளம் உடையவர்கள் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை போலும்.

இன்னொரு தரப்பும் உண்டு. நம் தாளம் மூச்சுவிடும். கூட்டத்தின் எழுச்சியைப் பார்த்து வேகம் கூடும், சாமி அடங்கினால் தணியும். அதைக் கட்டத்தில் அடைப்பதே பாவம் என்பார்கள். பாதி உண்மை. இந்த எடிட்டர்கள் நிமிடத்துக்கு இத்தனை அட்சரம் என்று முதலில் கேட்பவை. கணினி மெட்ரோனோமில் கட்டப்பட்ட திரைப்பாடல்களுக்கு ஓரெண் போதும். தெருவில் அடிக்கும் பறைக்கோ தவிலுக்கோ ஓரெண் போதாது; ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம் புதிய வேகக்கோடு இட்டுச் செல்லவேண்டும். முடியாத காரியமன்று, பொறுமை வேண்டிய காரியம். அவ்வாறு ஒருமுறை கோடிட்டவனுக்குத்தான் அந்த மூச்சு எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்பது கண்கூடாகத் தெரியும். கட்டம் வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர் அதைக் கணித்திருக்கிறார்கள்?

இதில் எனக்கு உண்மையான அச்சம் ஒன்று உண்டு. அது பெயரைப் பற்றியது. தாளப்படக் கோப்பில் பாட்டின் பெயர், கலைஞர் பெயர், படம் எழுதியவர் பெயர் என்று தனித்தனி இடங்கள் உண்டு. ஓசுவில் அவரவர் மொழியிலேயே எழுதிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கலைஞர் பெயர் என்ற இடத்தில் மருமகன் ‘கோயில் மேளம்’ என்று எழுதியிருந்தான். அடித்தவர் பெயரைக் கேட்டேன், தெரியவில்லை. பறையடித்தவர்களின் பெயரும் அப்படித்தான் எந்த ஏட்டிலும் ஏறாமற்போனது. அதைச் சாதியின் பெயரால் கட்டாய ஊழியமாகச் சுமத்தினோம். அந்த இழிவை மறுத்துப் பறையைத் தொடமாட்டோம் என்றவர்களும் உண்டு. அதையே விடுதலையின் ஒலியாக மீட்டெடுத்தவர்களும் உண்டு. அந்த வரலாற்றுக்குப் பின்னும் ஓர் அடியை எடுத்து விளையாட்டாக்கி, அடித்த கையின் பெயரை விட்டுவிடுவோமானால், அது பழைய கணக்கின் தொடர்ச்சிதான். பெரியவரின் கேலி என்னைச் சுட்டது போலவே, மருமகனின் அந்த ‘கோயில் மேளம்’ என்ற இரண்டு சொல்லும் சுட்டன. அவனிடம் அதைச் சொன்னேன்.

ஆகவே என் கட்சி இதுதான். தாளம் தெரிந்தவர்கள் இந்தப் பையன்களோடு ஒரு மணிநேரம் உட்காருங்கள். அவர்கள் காதில் விழுவது கண்டமா மிஸ்ரமா என்று பெயர் சொல்லிக்கொடுங்கள். நிரல் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் சேருங்கள். பதிவு செய்பவர்கள் அடித்தவரின் சம்மதத்தையும் பெயரையும் கேட்டு வாங்குங்கள். இவற்றில் ஒன்றையும் செய்ய மனமில்லாதவர்கள் அடுத்தமுறை முப்பத்தைந்து தாளத்தைப் பற்றிப் பேசுமுன் சற்று யோசியுங்கள்.

நான் ஊர் திரும்பும் நாளன்று மருமகன் கோயில் தர்மகர்த்தாவிடம் போய்த் தவில்காரரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிவந்திருந்தான். ஸ்டெப்மேனியாவை மூடிவிட்டு, வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்துவைத்து, தொடையில் தட்டிக்கொண்டே ஒன்றும் இரண்டுமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வரிக்கு 20 இலக்கம். எட்டிப் பார்த்து எண்ணினேன், சரியாக இருந்தது.