மிச்சம் பிடித்தது யாருடைய பணம்?

அரசுச் செலவை மறு ஆய்வு செய்ய வேண்டும், ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் இருக்க வேண்டும் என்று பட்ஜெட் நேரத்தில் எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. நாமும் அதைத்தான் கேட்கிறோம். அந்த ஆய்வை ஆதிதிராவிடர் துணைத் திட்டத்தில் இருந்து தொடங்குங்கள் என்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். திட்ட நிதியில் இந்த விகிதத்துக்கு ஏற்ற பங்கு நமக்கு வர வேண்டும் என்பதற்காகவே 1979-80 வாக்கில் சிறப்பு உட்கூறு திட்டம் கொண்டுவரப்பட்டது. பின்னாளில் அது துணைத் திட்டம் எனப் பெயர் பெற்றது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2024 ஜூனில்தான் சட்டம் நிறைவேறியது.

இந்தப் பணம் இரண்டு வழிகளில் வீணாகிறது. ஒன்று, செலவாகாமல் நிற்பது. வீட்டில் செலவு குறைந்தால் அது சேமிப்பு. விடுதிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் மார்ச் 31 வரை செலவாகாவிட்டால் யாருக்கு லாபம்? ஒழுகும் கூரையின் கீழ் படிக்கும் பிள்ளைக்கு அது நஷ்டம்தான். கல்வி உதவித்தொகையும் அப்படித்தான். கட்டணம் கட்டும் நாளில் வந்தால் படிப்பைக் காப்பாற்றும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பிறகு வந்தால் பாதி வட்டிக்கே போய்விடும்.

இரண்டாவது, கணக்கில் மட்டும் செலவாவது. எல்லாருக்குமான திட்டத்தில் ஒரு பகுதியைத் துணைத் திட்டச் செலவாக எழுதிவிடுகிறார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியை எடுப்பது குறித்து 2023ல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. பட்டியல் சாதிப் பெண்களுக்குத்தானே தருகிறோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த ஆயிரம் ரூபாய் நம் தாய்மாருக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் குடிமக்கள் என்ற முறையில் பொது நிதியிலிருந்தே அவர்களுக்கு அது வர வேண்டும். நூற்றாண்டு இடைவெளியைக் குறைக்க வைத்த தனி நிதியில் கை வைத்தால், சுடுகாட்டுப் பாதைக்கும் மனைப்பட்டாவுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

அதிகாரிகள் செய்யும் தணிக்கை மட்டும் போதாது. கிராம சபையில் நாமும் கேட்க வேண்டும். நம் குடியிருப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவானது? எந்த வேலைக்கு? பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டணம் செலுத்தித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். படித்த பிள்ளைகள் ஊருக்கு ஒருவர் இதைச் செய்தால் போதும்.

சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பங்கைக் குறைத்துக் காட்டும் சிக்கனம்தான் வேண்டாம்.