யானை விலை கார்டு யாருக்கு?



கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். 'உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல என்ன கிராபிக்ஸ் கார்டு?' என்ற பேச்சு வந்து விடுகிறது. 'ஆர்.டி.எக்ஸ். 5090 தான் ராஜா. அதை வாங்கித் தந்தால் தான் ஆச்சு' என்று வீட்டில் அடம் பிடிப்போரும் உண்டு. அந்த ராஜாவின் பெருமை என்ன, குறை என்ன, அது உங்களுக்குத் தேவைதானா? இன்று அதைப் பார்த்து விடுவோம்.

முதலில், கிராபிக்ஸ் கார்டின் வேலை என்ன?

கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் தான். அவற்றை பிக்சல் என்பர். '4கே' திரையில் அகலவாக்கில் 3,840 புள்ளிகள். உயரவாக்கில் 2,160 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்... 82 லட்சத்து 94 ஆயிரத்து 400! காட்சி தடங்கல் இல்லாமல் ஓட, வினாடிக்கு 60 படங்களாவது வேண்டும். அதாவது, ஒரே வினாடியில் ஏறக்குறைய 50 கோடி புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். அம்மாடி!

கம்ப்யூட்டரின் மூளையான சி.பி.யு., கெட்டிக்காரக் கணக்கு வாத்தியார் மாதிரி. எவ்வளவு சிக்கலான கணக்கையும் போட்டு விடும். ஆனால், ஒற்றை ஆள் எத்தனை கணக்கைத் தான் போடுவார்? கிராபிக்ஸ் கார்டின் வழியே வேறு. மைதானம் நிறைய மாணவர்களை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சின்னக் கணக்கு கொடுத்தால் எப்படி இருக்கும்? எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டு முடித்து விடுவர் அல்லவா? அதே கதை தான். 5090 கார்டில் அப்படி 21,760 'மாணவர்கள்' இருக்கின்றனர். அவர்களுக்கு 'கோர்' என்று பெயர்.

இந்தக் கார்டை, அமெரிக்காவின் என்விடியா நிறுவனம், 2025 ஜனவரி 30ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் சில்லு உருவாவது தைவான் நாட்டில். அந்தச் சில்லுக்குள் 9,200 கோடி டிரான்சிஸ்டர்களுக்கு மேல் உள்ளன. நினைவகம் 32 ஜி.பி.

பெருமையைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரிய விளையாட்டுகளைக் கூட '4கே' திரையில், அழகு குறையாமல் ஓட்டுகிறது. விளக்கொளி தண்ணீரில் பட்டுச் சிதறுவதையும், கண்ணாடியில் எதிரொளிப்பதையும் ஒவ்வொரு கதிராகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. கார்ட்டூன் படம் செய்பவர்கள், கட்டட வரைபடம் வரைபவர்கள், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லாருக்கும் இது பெரிய உதவி. மணிக்கணக்கில் ஆகும் வேலையை வெகுவாகச் சுருக்கித் தரும்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

ஒன்று, விலை. அறிமுகத்தின் போது அறிவித்த விலை 1,999 டாலர். நம் நாட்டில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். உங்கள் அப்பா, அம்மாவின் எத்தனை மாத உழைப்பு அது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு, மின்சாரம். முழு வேகத்தில் ஓடினால் 575 வாட் வரை இழுக்கும். ஏழு மின்விசிறிகள் சுழலும் மின்சாரம் இது! தினமும் மூன்று மணி நேரம் அப்படி ஓட்டினால், மாதம் 52 யூனிட், இந்த ஒரு கார்டுக்கு மட்டும். இழுத்த மின்சாரம் எங்கே போகும்? எல்லாம் சூடாக மாறி அறைக்குள் தான் வரும். சித்திரை வெயிலில் நினைத்துப் பாருங்கள்!

மூன்று, பரிவாரச் செலவு. ஆயிரம் வாட் தரும் பவர் சப்ளையாவது வேண்டும் என்கிறது என்விடியா. என்விடியாவே செய்து விற்கும் 5090 கார்டு, உங்கள் ஓரடி ஸ்கேல் நீளம் இருக்கும்; சில சின்னப் பெட்டிகளுக்குள் நுழையாது. யானையை வாங்கினால் மட்டும் போதுமா, கட்டித் தீனி போட வேண்டாமா?

நான்கு, திரை. உங்கள் வீட்டு மானிட்டர் வினாடிக்கு 60 படங்கள் மட்டுமே காட்டக் கூடியது என்று வைத்துக் கொள்வோம். கார்டு 200 படங்கள் வரைந்து தள்ளினாலும், கண்ணுக்கு வருவது 60 தான். மிச்சமெல்லாம் வீண்!

ஐந்து, இடைச்செருகல் படங்கள். கார்டு ஒரு படத்தை வரைந்து, அதனுடன் மேலும் சில படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்துச் சேர்க்கும் வசதி உண்டு. காட்சி வழுக்கிக் கொண்டு ஓடும், உண்மை தான். ஆனால், பொத்தானை அழுத்தும் உங்கள் விரலுக்கு விளையாட்டு அதே வேகத்தில் பதில் சொல்லாது. 'இத்தனை மடங்கு வேகம்' என்ற விளம்பரத்தைப் படிக்கும் போது இதை மறக்காதீர்கள்.

ஆறு, பாதுகாப்பு. 2022 அக்டோபரில் வந்த 4090 கார்டில், சிலருக்கு மின் இணைப்பான் சூட்டில் உருகிப் போனது. இணைப்பானை முழுதாகச் சொருகாதது பொதுவான காரணம் என்றது என்விடியா. 2023ல் இணைப்பானின் அமைப்பைத் திருத்தினர். ஆனாலும், 2025ல் 5090 கார்டு வந்த பிறகும் அப்படிச் சில செய்திகள் வந்தன. இதெல்லாம் பெரியவர்கள் துணையோடு செய்ய வேண்டிய வேலை, புரிகிறதா?

இன்னொன்றும் உண்டு. அந்த 4090 கார்டைத் தான் அன்று 'ராஜா' என்றனர். 27 மாதங்களில் கிரீடம் கைமாறி விட்டது!

'அப்படியென்றால் சாதனை செய்யப் பெரிய கார்டு வேண்டாமா, ஐயா?' என்று கேட்பீர்கள். ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி என்ற மாணவர் இருந்தார். நண்பர் இல்யா சுட்ஸ்கேவர், பேராசிரியர் ஜெப்ரி ஹின்டன் ஆகியோருடன் சேர்ந்து, படத்தைப் பார்த்து அதில் இருப்பது பூனையா, நாயா என்று சொல்ல கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தார். பயன்படுத்தியது என்ன தெரியுமா? ஜி.டி.எக்ஸ். 580 என்ற விளையாட்டுக் கார்டு இரண்டே இரண்டு. ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. நினைவகம், 512 கோர். கற்றுக்கொடுக்க ஐந்தாறு நாட்கள் ஆயின. 2012ல் உலகப் போட்டியில் முதலிடம்! இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்கு அது பெரும் திருப்புமுனை. பேராசிரியர் ஹின்டனுக்கு, 2024ல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது.

2025ல், 299 டாலர் விலை அறிவித்து வந்த சிறிய கார்டான ஆர்.டி.எக்ஸ். 5060 இருக்கிறதே, அதிலேயே 3,840 கோர், 8 ஜி.பி. நினைவகம் உண்டு. சரித்திரம் படைத்த அந்தக் கார்டை விட இது பலமானது. பார்த்தீர்களா? அன்று சாதித்தது கார்டு இல்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த மூளை.

என் கருத்து இது தான். 5090 நல்ல கார்டு, சந்தேகமே இல்லை. அதை வைத்துத் தொழில் செய்து சம்பாதிப்பவருக்கு அது ஏர் உழும் மாடு. பள்ளிப் பிள்ளைக்கோ, வாசலில் கட்டிய யானை. விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், 'அவனிடம் இருக்கிறது' என்பதற்காகப் பெற்றோரைக் கடன் வாங்க வைக்காதீர்கள். சின்ன கார்டு உள்ளவனைக் கேலியும் செய்யாதீர்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம்... கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், அமைப்புகள் பகுதிக்குப் போய், உங்கள் திரையில் எத்தனை புள்ளிகள், வினாடிக்கு எத்தனை படங்கள் என்று பார்த்து எழுதுங்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், வீட்டு மின்விசிறி எத்தனை வாட் என்று பார்த்து, மாதம் எத்தனை யூனிட் ஆகும் எனக் கணக்கிடுங்கள். தேவை எவ்வளவு என்று அளக்கத் தெரிந்தவனை எந்த விளம்பரமும் ஏமாற்ற முடியாது!