கவசத்தைக் கழற்றச் சொன்னது யார்?

நமது தோட்டத் தொழிற்சாலைகளின் வேலைத்தளங்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர் புதிதாக வந்த மறுவாரமே, அதன் தட்டைச் சுற்றியிருக்கும் இரும்புக் கவசம் கழன்று மேசைக்கடியில் தூசி பிடித்துக் கிடக்கும். கேட்டால், "அது இருந்தா வேல ஓடாது சேர்" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் பலர் என்னிடம் சாதாரண தரம் வரை படித்த பிள்ளைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை ஓடாது என்பது பொய்யல்ல. ஏன் ஓடாது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. 4 அங்குல கிரைண்டருக்கு 4 அங்குலத் தட்டுத்தான் போட வேண்டும். அது தேய்ந்து முடிந்து புதியது கேட்டால், அடுத்த மாதம் வரும் என்று பதில் வருகிறது. அதுவரை, கிடக்கிற 7 அங்குலத் தட்டைப் போட்டு வேலையை முடிக்கச் சொல்கிறார்கள். 7 அங்குலத் தட்டு அந்தக் கவசத்துக்குள் நுழையாது. ஆகவே கவசம் கழற்றப்படுகிறது. தட்டின் துளையும் பெரிது. அதற்கு வாஷர் வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4 அங்குல இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழலும். 7 அங்குலத் தட்டு தாங்கக்கூடியது ஏறத்தாழ 8,500 தடவைதான். இந்த எண் தட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், யாரும் வாசித்துக்கொள்ளலாம். தாங்கும் வேகத்தை மீறினால் தட்டு வெடிக்கலாம். வெடித்த துண்டைத் தடுக்கக் கவசம் இல்லாத இடத்தில் தொழிலாளியின் முகமும் கழுத்தும்தான் இருக்கும். மரம் அறுக்கும் பல் வைத்த வாளை கிரைண்டரில் மாட்டுவது இதைவிட மோசம். மரத்தில் சிக்கிய கணத்தில் இயந்திரம் கையை விட்டுத் துள்ளி, பிடித்தவன் மீதே திரும்பும்.

விபத்து நடந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். தோட்டமொன்றில் (பெயர் வேண்டாம்) தகடு வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரின் கண்ணில் இரும்புச் சில்லு பாய்ந்தது. அவருக்குக் கண்ணாடி கொடுக்கப்படவில்லை. நட்டஈடு பற்றிப் பேசப் போனபோது நிர்வாகம் முதலில் சொன்ன வார்த்தை, "கவசத்தைக் கழற்றியது அவர்தானே" என்பது. கழற்றாமல் அந்தத் தட்டைப் போட முடியாது என்பது அந்தத் தட்டைக் கொடுத்தவர்களுக்கும் தெரியும்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் காயப்படுபவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்கிறது. ஆனால் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று காட்ட முடிந்தால், காயத்துக்கான நட்டஈட்டை மறுக்க அதே சட்டத்தில் இடமுண்டு. யார் சொல்லிக் கழற்றினார் என்பதற்கு நம்மிடம் எழுத்தில் ஒன்றும் இருப்பதில்லை. அவர்களிடம் மட்டும் பதிவேடு இருக்கிறது. அதில் "வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தாலும் நாம் ஆச்சரியப்படக் கூடாது.

தேயிலைத் தொழிற்சாலையும் தொழிற்சாலைதான். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் அதற்கும் பொருந்தும். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு வைக்கும் கடமையை அது தொழிற்சாலையை நடத்துபவர் மீதுதான் சுமத்துகிறது. அந்தக் கடமையை பத்தொன்பது வயதுப் பையனின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்க முடியாது.

மின்சாரப் பக்கம் இதைவிடச் சீர்கெட்டிருக்கிறது. நமது மலையில் பனியும் மழையும் இல்லாத நாள் குறைவு. தரை ஈரம், கை ஈரம். அந்த நிலையில் பிளக் இல்லாமல் இரண்டு வயர் முனையைத் தீக்குச்சியால் சொக்கட்டில் செருகி டிரில் ஓட்டுகிறார்கள். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடுகிறார்கள். உடைந்த வயரில் டேப் சுற்றியதை ரிப்பேர் என்கிறார்கள். 230 வோல்ட்டுக்கு சீனியர், ஜூனியர் தெரியாது. 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்தால், மின்சாரம் உடம்பு வழியாக ஒழுகத் தொடங்கிய கணத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லையென்றால் அந்த டிரிப் சுவிட்ச் நம்மைக் காப்பாற்றாது. அது அடிக்கடி விழுகிறது என்று நேரடியாக இணைப்புக் கொடுத்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. விழுகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

கொழுந்தெடுக்கும் அக்காமாரும் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பற்றரியில் ஓடும் கொழுந்து வெட்டும் இயந்திரம் பல தோட்டங்களுக்கு வந்துவிட்டது. பிளேடில் குச்சி சிக்கினால் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள், பிறகு குச்சியை எடுங்கள். சுவிட்ச் அணைந்திருப்பது மட்டும் போதாது, விரல் தவறிப் பட்டால் மறுபடி ஓடும். பற்றரியை லயத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். லயத்து வயரிங் எந்த இலட்சணத்தில் இருக்கிறது என்பதும், லயம் எரிந்த ஒவ்வொரு தடவையும் மின்னொழுக்கு என்ற வார்த்தை ஏன் அடிபடுகிறது என்பதும் நமக்குத் தெரியும். சார்ஜ் போட இடம் கொடுக்க வேண்டியது தோட்டம்.

1,700 ரூபாவுக்காக வீதியில் இறங்கினோம், அது நியாயமான போராட்டம். ஒருநாள் சம்பளத்துக்குள் வாங்கிவிடக்கூடிய ஒரு பாதுகாப்புக் கண்ணாடிக்காக நாம் ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அது சின்ன விசயம், தலைவர்மார் பேசுகிற விசயமல்ல என்ற நினைப்பு இருக்கிறது போலும். கண் போன பையனின் வீட்டில் போய் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆகவே தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். நிர்வாகத்துடன் நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் வேலைத்தளத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எந்தக் கிரைண்டரில் கவசமில்லை, எதற்குச் சரியான தட்டு இல்லை, எங்கே டிரிப் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று எழுதி, திகதி போட்டு, துரையிடம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகும் கவசமில்லாமல் வேலை செய்யச் சொன்னால் பையன்கள் இயந்திரத்தைத் தொட வேண்டாம். பேர் போடாமல் விட்டால் அன்றைக்கே நமது மாவட்டக் காரியாலயத்துக்குத் தெரியப்படுத்துங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.