சதுர அடிக்கு எவ்வளவு?

தீபாவளிக்கு நாலு மாதம் இருக்கும்போதே எங்கள் காலை நிகழ்ச்சிக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும்: "சமையலறையைக் கொஞ்சம் பெரிசாக்கணும், எவ்வளவு ஆகும்?" ஸ்கூடாயிலிருந்து ஓர் அக்கா, குத்தகையாளர் சொன்ன தொகையை அனுப்பி, "இது சரியா?" என்று கேட்டிருந்தார். எதெதற்கு அந்தத் தொகை என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

முதல் கணக்கை நாம்தான் போட வேண்டும். ஓர் அளவு நாடா போதும். 20 அடிக்கு 10 அடி சமையலறை என்றால் தரை 200 சதுர அடி. பலர் இதோடு நிறுத்திவிடுகிறோம். நான்கு சுவர்களும் சேர்ந்து 60 அடி நீளம். 8 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 480 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் தரையைப்போல் இரண்டு மடங்கு! அதற்குமேல், வெட்டும்போது உடைவதற்கு 10 விழுக்காடு கூடுதலாக வாங்க வேண்டும்.

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால், அது கூலி மட்டுமா, டைல்ஸும் சிமெந்தும் சேர்த்தா, பழைய டைல்ஸைப் பெயர்ப்பது யார் கணக்கு என்று கேளுங்கள். உடைத்த கல்லை ஏற்றிச் செல்லும் ரோரோ தொட்டியை எழுத்தில் கேட்காவிட்டால் அது கடைசி நாளில்தான் தலைகாட்டும். பழைய தாமான் வீடென்றால் சுவரைத் திறந்த பிறகே துருப்பிடித்த குழாயும் பழைய ஒயரும் தெரியும். அதற்கென்று 10, 15 விழுக்காடு ஒதுக்காத திட்டத்தை நான் திட்டமென்றே சொல்லமாட்டேன்.

பின்பக்கம் நீட்டிக் கட்டுவதற்கு மன்றத்தின் அனுமதி தேவை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஸ்கூடாய்க்காரர்கள் இஸ்கந்தர் புத்ரி மாநகர் மன்றத்தில் கேட்க வேண்டும். வரைபடக் கூலியையும் மன்றக் கட்டணத்தையும் இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

2024 மே மாதம் இபிஎஃப்பில் அகாவுன் ஃபிளெக்சிபல் வந்ததிலிருந்து, 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சமையலறைக்குக் கை நீளும் முதல் இடம் அதுதான். ஆனால் அது ஓய்வுக்காலக் காசு. கணக்கை முடித்துவிட்டு எடுங்கள். எடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வேலை பாதியில் நின்றால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே முதலில் கேட்பது விலைப்பட்டியலும் ரசீதும்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றைத் தொகையை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது?