வருவோர்க்கு வழங்கும் உரிமை

மன்னார்க் கடலோர மக்களுக்கு அனுமதி என்பதன் இயல்பை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு அறிவித்த முத்துச்சிப்பிப் பார்களில், அறிவித்த நாள்களில் மட்டுமே மூழ்க முடிந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் கடற்படையின் பாஸ் என்னும் அனுமதிச்சீட்டு இல்லாமல் படகு இறக்க இயலவில்லை. எந்நேரம் புறப்படுவது, எவ்வளவு தொலைவு செல்வது, எத்தகைய இயந்திரம் பூட்டுவது என்பவற்றையெல்லாம் வேறொருவர் முடிவுசெய்தார். மறுக்கப்பட்டவர்க்குக் காரணம் சொல்லப்படவில்லை. முறையிட ஓரிடமும் இருக்கவில்லை. எவ்விதியின்படி அனுமதி கிடைக்கிறது, எவ்விதியின்படி பறிபோகிறது என்பது தெரியாதிருந்ததே பெருங்கொடுமை.

இக்கரையின் இளையோர் இன்று வேறொரு வாயிலை நோக்கி நடக்கின்றனர். யாழ்ப்பாணத்திலும், மொறட்டுவையிலும், 2021 ஆகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் கணினியியல் பயில்வோர்க்குத் திறந்த மூல மென்பொருள் ஓர் அரிய பயிற்சிக்களம். அதன் நிரல் யாவர்க்கும் பொது. படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தம் முன்மொழியலாம். ஆயினும் அத்திருத்தத்தை மூலக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்கும், புதிய வெளியீட்டைக் கையொப்பமிட்டு அனுப்புவதற்கும், வழங்கியைத் தொடுவதற்கும் கணக்கும் உரிமையும் வேண்டும். அவற்றை யாருக்கு, எப்போது, எவ்வளவு வழங்குவது என்பதில் சிறு திட்டங்கள் பலவற்றுக்கு எழுதிவைத்த விதி ஏதுமில்லை. அறிமுகமானவர்க்கு அன்று மாலையே கிடைக்கிறது. அறிமுகமில்லாதவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். இதில் பழைய பாஸின் சாயல் தெரிகிறது என்றால் மிகையென்று சிலர் கூறக்கூடும். விதி எழுதப்படாத இடத்தில் தயவே விதியாகும் என்பதைப் பட்டறிந்த மக்களிடம் அப்படிக் கூறுவது கடினம்.

இத்துறையில் இலங்கை பிந்தி வந்த நாடன்று. சஞ்சீவ வீரவரண முன்னின்று 2003இல் நிறுவிய லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் வழியாக இந்நாட்டினர் பலர் அப்பாச்சி என்னும் திறந்த மூல அமைப்பின் திட்டங்களில் கமிட்டர் நிலை, அதாவது களஞ்சியத்தில் நேரே எழுதும் உரிமை, பெற்றனர். கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் முதற்பத்தாண்டில் உலகிலேயே மிகுதியான மாணவரைப் பங்குகொள்ளச் செய்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் மென்பொருளாளர்கள் தன்னார்வமாகத் திரண்டு, சில வாரங்களில் சஹானா என்னும் பேரிடர் மேலாண்மைத் தொகுதியை எழுதினர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பட்டியல் ஆகியவை அதன் உறுப்புகள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

சஹானா போன்ற ஒரு திட்டத்தில் உரிமை வழங்குதல் பற்றிய முழுச் சிக்கலும் திரண்டு நிற்கிறது. பேரிடர் நேரத்தில் வருபவரின் வரலாற்றை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. கைகள் வேண்டும், உடனே வேண்டும். ஆனால் அம்மென்பொருள் தாங்கி நிற்பதோ பெற்றோரை இழந்த குழந்தையின் பெயரும், எந்த முகாமில் எந்தப் பெண் தனித்திருக்கிறாள் என்ற குறிப்பும். நிரலைத் திருத்தும் உரிமை வேறு, அந்நிரல் காக்கும் தரவைக் காணும் உரிமை வேறு. முன்னதைத் தாராளமாக வழங்கலாம். தவறு நேர்ந்தால் முந்தைய பதிப்புக்கு மீளலாம். பின்னது வெளியானபின் மீட்க வழியில்லை. 2018இல் மன்னார் நகரின் சதொச வளாகத்தில் மனித எச்சங்கள் அகழப்பட்டபோது, போர்க்காலத்தில் காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடித் திரியும் தாய்மார் எவ்வளவு நடுக்கத்தோடு செய்திகளைக் கேட்டனர் என்பதை நாம் அறிவோம். அத்தகைய குடும்பங்களின் விவரம் ஒரு தரவுத்தளத்தில் இருக்குமாயின், புதிதாகச் சேர்ந்த உருவாக்குநர் எவ்வளவு நல்லவராயினும் அதைப் பார்க்கத் தேவையில்லை. அவருக்குப் புனைந்த பெயர்களால் ஆன சோதனைத் தரவே போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. அச்சட்டம் இல்லாதிருந்தாலும் இதுவே நெறி.

தாராளம் தவறிப்போன கதையையும் மறைக்க வேண்டியதில்லை. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்-இசட் என்னும் சுருக்கக் கருவியை ஃபின்லாந்தின் லாசே கொலின் நெடுங்காலம் ஏறக்குறைய தனியொருவராகப் பராமரித்துவந்தார். தம் மனநலம் குன்றியிருப்பதை அவரே வெளிப்படையாக எழுதியிருந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாகத் திருத்தங்கள் அனுப்பினார். வேறு சில பெயர்கள், பராமரிப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்குமாறு கொலினை நெருக்கின. உரிமை படிப்படியாகக் கைமாறியது. 2024இல் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று பொதிந்திருந்தது. அதன் முக்கியப் பகுதி பொதுவில் காணும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் இருந்தது. தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதை ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் அதை உலகுக்கு அறிவித்தார்.

இதைக் காட்டிப் புதியவர் எவரையும் நம்பாதீர் என்போர் உளர். அவர் கூற்றை நாம் ஏற்கவில்லை. ஓய்ந்துபோன ஒருவர் தனியே முடிவெடுக்க நேர்ந்தது என்பதே அங்கு நிகழ்ந்த கேடு. திருத்தம் சேர்ப்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் வெளியீட்டை அனுப்புபவரும் ஒருவரே ஆயினர். இரண்டாவது கண் இருந்திருந்தால், பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிடும் வழக்கம் இருந்திருந்தால், அந்தப் பொறுமைசாலியின் வேலை மிகக் கடினமாகியிருக்கும். மன்னாரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியை ஐந்தாண்டு வாயிலில் நிறுத்திவைப்பதால் அக்கேடு தடுக்கப்படப் போவதில்லை.

தொலைவு என்னும் தடையும் உண்டு. அதைப் பேசுவோர் சிலரே. லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றான டெபியனின் திட்டத்தில் முழு உறுப்பினராக விரும்புபவரின் மறைக்குறியீட்டுச் சாவியில், ஏற்கெனவே உறுப்பினரான டெபியன் உருவாக்குநர் கையொப்பமிட வேண்டும். நேரில் கண்டு அடையாள ஆவணத்தைச் சரிபார்ப்பதே நெடுநாள் வழக்கம். 2011இல் லினக்ஸ் கருவின் நிரலைத் தாங்கும் கெர்னல்.ஓர்க் வழங்கிகள் ஊடுருவப்பட்டபின் லினக்ஸ் கருவின் பராமரிப்பாளரிடமும் இத்தகைய நம்பிக்கைச் சங்கிலி கேட்கப்பட்டது. ஐரோப்பிய நகர் ஒன்றில் இருப்பவர்க்கு இது ஒரு மாலைப்பொழுதின் சந்திப்பு. நானாட்டானிலோ முசலியிலோ இருப்பவர்க்குக் கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கும் அப்படியொருவர் கிடைக்க வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போரில் இடம்பெயர்ந்த ஏனையோரும் அடையாள ஆவணங்களை இழந்து அடைந்த இன்னல் தனி வரலாறு. உரிமையைப் படிப்படியாக வழங்க டெபியன் ஒரு வழி கண்டது. 2007 முதல் டெபியன் பராமரிப்பாளர் என்ற இடைநிலை உள்ளது; அந்நிலையினர் தமக்கெனக் குறிக்கப்பட்ட பொதிகளை மட்டும் பதிவேற்றலாம். அப்பாச்சியில் புதிய கமிட்டரைத் திட்ட மேலாண்மைக் குழு வாக்களித்துத் தேர்கிறது. பங்களிப்பு உரிம ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம். எவரும் கொழும்புக்கு வண்டியேற வேண்டியதில்லை. செய்த வேலையே சான்று என்னும் இம்முறையை நாம் மேலாகக் கருதுகிறோம்.

வடக்கிலும் தமிழகத்திலும் தமிழ் மென்பொருள் வளர்ப்போர் எழுதிவைக்க வேண்டியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். முதல் நாளில் படிக்கும் உரிமையும் சிக்கல்களை வகைப்படுத்தும் உரிமையும் போதும். நிரல் களஞ்சியங்களைத் தாங்கும் கிட்ஹப் தளத்தில் இவற்றுக்கெனத் தனி நிலைகளே உள்ளன. எத்தனை திருத்தம் ஏற்கப்பட்டபின், எவருடைய பரிந்துரையில், எழுதும் உரிமை கிட்டும் என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதும் உரிமை பெற்றவரும் முதன்மைக் கிளையில் நேரே கைவைக்கலாகாது. மற்றொருவர் பார்த்தபின்பே சேர்க்க வேண்டும். உச்ச உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் நோயுறும் நாளில் திட்டமும் படுக்கும். அது இருவரிடமேனும் இருக்கட்டும்.

ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிரும் நம் அலுவலக வழக்கத்தை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். குழுவுக்கொரு பொதுக்கணக்கு என்பது எவருக்கும் பொறுப்பில்லாத கணக்கு. 2023 முதல் கிட்ஹப் நிரல் பங்களிப்போர்க்கு இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதை விரும்பிச் செய்பவரை நாம் இன்னும் கண்டதில்லை. ஆயினும் செய்தேயாக வேண்டும். வீட்டுக்கு ஒரு கைபேசி என்னும் நிலையில், அண்ணன் அதைத் தொழிலுக்கு எடுத்துச்சென்ற இரவில் தங்கை தன் கணக்குக்குள் நுழைய முடியாது போகும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துமாறு வழிகாட்டுபவரே முதல் நாளில் சொல்லித்தர வேண்டும். கைபேசியும் அத்தாளும் தொலைந்தால் கணக்கைப் பெரும்பாலும் மறக்க வேண்டியதுதான்.

வெளியேறுவோரைப் பற்றியும் விதி வேண்டும். மன்னார் மாவட்டத்து இளையோர் படிப்புக்கும் பிழைப்புக்குமாகக் கடல் கடந்து போவது வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் தீண்டப்படாத கணக்கு, களவுபோனாலும் எவர் கண்ணிலும் படாது. ஓராண்டு பணியின்றிக் கிடந்தால், முன்னறிவித்து, எழுதும் உரிமையை நிறுத்திவைக்கலாம். பங்களித்தோர் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும். திரும்பி வந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அவர்தாம் என்று உறுதிசெய்தபின், பழைய உரிமையை அவ்வாரமே திருப்பி அளிக்கலாம்.